மகளுக்கு டிபி டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு, ஆனா முதல்ல போக வேண்டியது நீங்கதான் அக்கா

முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. நீளமான லெட்டர், அடையாளம் தெரியிற விவரத்தை எடுத்துட்டு அவங்க வார்த்தையிலேயே சுருக்கிப் போடுறேன்.

"சார், எம்மவ நர்சு. ஒன்னர வருசத்துக்கு முன்ன அவ, மருமவன், அஞ்சு வயசு பேரன் எல்லாரும் இங்கிலாந்துக்குப் போயிட்டாவ, லெஸ்டர்ல இருக்காவ. போவும்போது மெட்ராஸ்ல எக்ஸ்ரே எடுத்து டிபி இல்லன்னு சர்டிபிகேட் குடுத்த பெறவுதான் விசாவே வந்துச்சு. இப்ப அவ வேல பாக்குற ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துட்டு டிபி பாசிட்டிவ்ங்காவளாம், மூணு மாசம் மாத்திர திங்கணுமாம். அப்ப அந்த எக்ஸ்ரே பொய்யா? சம்பந்தி வீட்ல 'ஒங்க வீட்டுச் சீக்கு எங்க பையனுக்கும் ஒட்டப் போவுது'ன்னு பேசுதாவ, அவுகளுக்கு என்ன பதில் சொல்ல? மருமவனுக்கு வயசு 34, அவருக்கும் டெஸ்டுக்கு லெட்டர் வந்திருக்கு, அவரு போமாட்டேங்காரு, விசாவுல கை வச்சிருவானோன்னு பயம், ஏன்னா எங்க சின்னம்ம மவன சவுதி போவ மெடிக்கல் எடுக்கையில நெஞ்சுல தழும்புன்னு அன்ஃபிட் ஆக்கிட்டாவ, பயணமே நின்னு போச்சு. பேரனுக்குத் தட்டு டம்ளர் தனியா வைக்கச் சொல்லட்டா? மாத்திரய திங்காத, ஊருக்கு வா, நாட்டு மருந்து பாப்போம்னு நான் சொல்லி வச்சிருக்கேன். ஏப்ரல்ல நான் அங்க போவ டிக்கெட் போட்டாச்சு, அஞ்சு மாசம் இருக்கணும். எனக்கு சுகர் உண்டு, பீடித்தூசில ஒரு மாசமா இருமல், அது கெடக்கட்டு. இன்னொண்ணு, அவ அப்பாவுக்கு 2009ல டிபின்னு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திர குடுத்தாவ. அப்ப எட்டாப்பு படிச்ச பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு நெஞ்சுச்சளின்னு சொல்லிட்டோம். அவுக மாரடைப்புல போயி ஆறு வருசம் ஆச்சு. இத இப்ப அவகிட்ட சொல்லணுமா வேண்டாமா?"

அக்கா,

மகளைப் பத்தி பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க, உங்களைப் பத்தி "ஒரு மாசமா இருமல், அது கெடக்கட்டு"ன்னு ஒரே வரி. அது கெடக்கக் கூடாதுக்கா. இந்த லெட்டர்ல வர்ற ஆளுங்க எல்லார்லயும் முதல்ல டெஸ்ட் எடுக்க வேண்டியது உங்க மக இல்ல, மருமகன் இல்ல, பேரன் இல்ல, நீங்கதான். அதனால அதைச் சொல்லி முடிச்சிட்டு பெறவு லெஸ்டருக்குப் போவோம்.

ரெண்டு வாரத்தைத் தாண்டி இருமல் நின்னாலே சளியை டெஸ்ட் பண்ணிரணும், உங்களுக்கு மாசம் ஒண்ணு ஆயிருச்சு. அது போக சுகர் இருக்கு, சுகர் உள்ளவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு இல்லாதவங்களை விட ரெண்டு மூணு மடங்கு. அதுக்கும் மேல டிபி வந்த ஆளோட ஒரே வீட்டுல இருந்திருக்கீங்க. பீடித்தூசியால இருமல் வராதுன்னு நான் சொல்லலை, முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கமிருந்து வர்ற பொம்பளைங்க நிறையப் பேரு ஸ்டூல்ல உக்காந்ததுமே "தூசி சார்"னுதான் ஆரம்பிப்பாங்க, மடியில தட்டை வச்சுக்கிட்டு வருசக்கணக்கா புகையிலைக்குள்ளயே மூச்சு விட்டவங்களுக்கு அது தோணத்தான் செய்யும். ஆனா தூசி இருமலா கிருமி இருமலான்னு சத்தத்தைக் கேட்டு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது, ஸ்டெதஸ்கோப்பை வச்சும் சொல்ல முடியாது, சளியைப் பாத்தாத்தான் தெரியும். உடம்பு மெலிஞ்சிருக்கா, பொழுது சாய கணகணன்னு காய்ச்சல் அடிக்கா, ராத்திரி வேர்த்து சேலை நனையுதா, சளியில ரத்தம் தெரியுதா, இதுல ஒண்ணு இருந்தாலும் அங்கன சொல்லுங்க. ஒண்ணுமே இல்லாட்டியும் போகணும்.

உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போயி "ஒரு மாசமா இருமல், சுகர் இருக்கு, வீட்டுக்காரருக்கு முன்ன டிபி இருந்துச்சு"ன்னு இந்த மூணையும் சேத்துச் சொல்லுங்க, அதுக்கு மேல நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம், அவங்களுக்குப் புரிஞ்சிரும். பாளையங்கோட்டைக்கு வந்து போறது தோதுன்னா ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வந்திருங்க. ரெண்டு டப்பா சளி கேப்பாங்க, அதுல ஒண்ணு காலையில எந்திச்சதும் வர்றது. வாயைக் கொப்புளிச்சிட்டு, நல்லா ஆழமா மூச்சை இழுத்து இருமி நெஞ்சுல இருந்து எடுக்கணும், எச்சிலைத் துப்பி குடுத்தா டெஸ்ட் வீண். அதை ட்ரூநாட் இல்லன்னா சிபிநாட்டுன்னு ஒரு மெஷின்ல போடுவாங்க, கிருமி இருக்கா, முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து அதுக்கு வேலை செய்யுமா ரெண்டையும் மெஷின் சில மணி நேரத்துல சொல்லிரும். ஒரு எக்ஸ்ரேயும் எடுப்பாங்க. துட்டு கிடையாது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறேன்னா அந்த ஏப்ரல் டிக்கெட்தான். இங்கிலாந்துல 6 மாசத்துக்கு மேல தங்கப் போறவங்களுக்குத்தான் டிபி சர்டிபிகேட் கேக்காங்க. நீங்க 5 மாசத்துக்கு விசிட்டர் விசால போறீங்க, உங்களை யாரும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல மாட்டாங்க, யாரும் தடுக்க மாட்டாங்க, நேரா போயி குளிருக்கு ஜன்னலைச் சாத்தின வீட்டுக்குள்ள பேரனைப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டு அஞ்சு மாசம் இருமுவீங்க. உங்களுக்கு நெஞ்சுல டிபி இருந்து அது தெரியாம இருந்தா அந்த வீட்டுலயே ஆபத்தானது அந்த இருமல்தான், உங்க மக ரத்தத்துல வந்த பாசிட்டிவ் இல்ல. ரிசல்ட் நெகட்டிவ்னு வந்து டாக்டரும் பாத்து சரின்னுட்டா நிம்மதியா ஏறுங்க. பாசிட்டிவ்னு வந்தா டிக்கெட்டைத் தள்ளி வைக்கணும், பரவுற நிலையில இருக்கிறவங்க விமானத்துல, அதுலயும் எட்டு மணி நேரத்துக்கு மேல போற விமானத்துல ஏறக் கூடாது. பொதுவா 6 மாச வைத்தியம், மாத்திரை ஃப்ரீ, சாப்பாட்டுச் செலவுக்கு மாசத்துக்கு 1,000 ரூபா வீதம் உங்க பேங்க் கணக்குல வரும், 500ஆ இருந்ததை 2024 நவம்பர்ல இருந்து கூட்டியிருக்காங்க. சரியா சாப்பிட்டா கொணமாயிரும்க்கா. அதுக்கப்புறம் போயி பேரனைக் கொஞ்சுங்க.

சரி, மக விசயத்துக்கு வாரேன்.

உங்க மகளுக்கு வந்திருக்கிறது டிபி நோய் இல்ல. இதை சம்பந்தி வீட்டுக்கும் சேத்தே சொல்றேன். டிபி கிருமி உடம்புக்குள்ள போன எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. பெரும்பாலானவங்களுக்கு உடம்பே அதை வளைச்சுப் போட்டு அடக்கி வச்சிரும், கிருமி சாகாமலும் வளராமலும் ஒரு மூலையில கெடக்கும். கோடையில காஞ்சு கெடக்குற வயலுக்குள்ள கோரைக்கிழங்கு கெடக்கும் பாருங்க, மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, அது மாதிரி. இந்த நிலையில இருமல் கிடையாது, சளியில கிருமி கிடையாது, அடுத்தவங்களுக்கு ஒட்டவே ஒட்டாது, முத்தம் குடுத்தாலும் ஒட்டாது, ஒரே போர்வைக்குள்ள படுத்தாலும் ஒட்டாது. இப்படி கிருமியை அடக்கி வச்சிருக்கிற 100 பேர்ல 5ல இருந்து 10 பேருக்குத்தான் வாழ்நாள்ல என்னைக்காவது நோயா வெளிய வரும். அது யாருக்கு, எப்பன்னு முன்கூட்டி சொல்ல முடியாததாலதான் மாத்திரையை முன்னமே குடுத்து கிழங்கைத் தோண்டிப் போடுறது. அப்படிச் சாப்பிட்டா பின்னால நோய் வர்ற வாய்ப்பு 60ல இருந்து 90 சதவீதம் வரை குறையும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மெட்ராஸ்ல எடுத்த எக்ஸ்ரே பொய்யான்னு கேட்டிருக்கீங்க. பொய் இல்ல. எக்ஸ்ரே நெஞ்சுக்குள்ள நோய் புண்ணு பண்ணியிருக்கான்னு பாக்குது, அன்னைக்கும் இல்ல, அனேகமா இன்னைக்கும் இருக்காது, அங்க இன்னொரு தடவ எக்ஸ்ரே எடுத்து உறுதி பண்ணிட்டுத்தான் மாத்திரையை ஆரம்பிப்பாங்க. இப்ப எடுத்திருக்கிறது இக்ரான்னு ஒரு ரத்த டெஸ்ட், குவாண்டிஃபெரான்னு பேரு சொல்லியிருப்பா உங்க மக. அது உடம்போட எதிர்ப்பு அணுக்களுக்கு இந்தக் கிருமியை முன்ன பாத்த ஞாபகம் இருக்கான்னு கேக்குது. எக்ஸ்ரே கேக்குற கேள்வி வேற, ரத்தம் கேக்குற கேள்வி வேற, ரெண்டு பதிலும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும். இங்கிலாந்துக்கு விசா எடுக்கையில பெரியவங்களுக்கு எக்ஸ்ரே மட்டுந்தான், ரத்தம் பாக்குறது அங்க போன பெறவுதான்.

அங்க போன பெறவு ஏன் விடாம கூப்பிடறாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு. நம்ம நாட்டுல 2023ல ஒரு லட்சம் பேருக்கு 195 பேருக்கு புதுசா டிபி வந்ததா உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, இங்கிலாந்துல அதே வருசம் லட்சத்துக்கு எட்டு ஒம்போது பேருதான். அந்த எட்டு ஒம்போதுலயும் பத்துல எட்டு பேரு வெளிநாட்டுல பொறந்து அங்க குடியேறினவங்க. அவங்கள்ல நிறையப் பேரு நோயோட விமானம் ஏறினவங்க இல்ல, எக்ஸ்ரே சுத்தமா இருந்தவங்கதான், உள்ள அடங்கிக் கெடந்த கிருமி அங்க போயி சில வருசம் கழிச்சு முழிச்சிருக்கு. அதனாலதான் டிபி அதிகமுள்ள நாட்டுல இருந்து வந்து 5 வருசம் தாண்டாத, 16ல இருந்து 35 வயசுக்குள்ள உள்ளவங்களை அவங்க பக்கத்து டாக்டர் மூலமா லெட்டர் போட்டுக் கூப்பிட்டு இந்த ரத்தத்தைப் பாக்காங்க. ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்றவங்களுக்கு வேலை எடத்துலயே பாத்துருவாங்க, உங்க மகளுக்கு அப்படி வந்தது. மருமகனுக்கு வந்திருக்கிற லெட்டரும் இதுதான், மக பாசிட்டிவ் ஆனதால அவரைப் பிடிக்க வரலை, மக நெகட்டிவா இருந்திருந்தாலும் அவருக்கு வந்திருக்கும்.

இப்ப அந்த சவுதி பயம். இந்த பயத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன், ஏன்னா நம்ம பக்கம் மேலப்பாளையத்துலயும் கடையநல்லூர்லயும் தென்காசியிலயும் எக்ஸ்ரேன்னாலே ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது வளைகுடா மெடிக்கல்தான். எப்பவோ வந்து ஆறிப்போன டிபியோட தழும்பு ஒரு எக்ஸ்ரேல தெரிஞ்சதுக்காக அன்ஃபிட் ஆயி, ஏஜெண்டுக்குக் கட்டின துட்டும் போயி, தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போயி நின்ன பையன்களை நானே நிறைய பாத்திருக்கேன், அந்த விதி எனக்கு இன்னைக்கும் மனசுக்கு ஒப்பாத ஒண்ணு, ஏன்னா ஆறின தழும்பு யாருக்கும் ஒட்டாது. ஆனா இங்கிலாந்துல விசயம் வேற மாதிரி. அங்க இந்த ரத்த டெஸ்ட் ரிசல்ட் விசாவைப் பாதிக்காதுன்னு அவங்க குடுக்குற பேப்பர்லயே எழுதியிருக்கும். உள்ள அடங்கின கிருமி இருந்தாலும் விசா போகாது, நெசமாவே டிபி நோய் வந்தாலும் அதுக்காகத் திருப்பி அனுப்ப மாட்டாங்க, அங்கயே வச்சு வைத்தியம் பாப்பாங்க, டிபிக்கு டெஸ்ட்டும் மருந்தும் அங்க எல்லாருக்கும் ஃப்ரீ, எந்த விசால வந்தாங்கன்னு பாக்கிறதில்ல. உங்க மக வேலையும் போகாது, அடங்கின கிருமியோட நர்ஸ் தாராளமா வார்டுல வேலை பாக்கலாம், லீவு கூட தேவையில்ல. அதனால மருமகனை பயப்படாம போகச் சொல்லுங்க. அவரு ஒண்ணை யோசிச்சுப் பாக்கணும், 35 தாண்டிட்டா இப்படி வீடு தேடி லெட்டர் வராது, அவருக்கு இப்ப 34ன்னு எழுதியிருக்கீங்க.

சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்லன்னு கேட்டிருக்கீங்க. நம்ம நாட்டுல 2019ல இருந்து 2021 வரை ஊரு ஊரா போயி எடுத்த தேசிய டிபி சர்வேல, 15 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இதே டெஸ்ட் பாசிட்டிவ். மூணுல ஒருத்தர்க்கா. அவங்க வீட்டுல ஆறு பேரு இருந்தா சராசரிக்கு ரெண்டு பேரு, டெஸ்ட் எடுக்காததால தெரியலை, அவ்வளவுதான். இதுல "ஒங்க வீட்டுச் சீக்கு", "எங்க வீட்டுச் சீக்கு"ன்னு பிரிக்க ஒண்ணும் கிடையாது. உங்க மகளுக்கு அந்தக் கிருமி அப்பாகிட்ட இருந்து வந்திருக்கலாம், நர்சிங் படிக்கையில வார்டுல வந்திருக்கலாம், தெனம் ஏறின டவுன் பஸ்ல பக்கத்து சீட்ல இருமின யாரோ ஒருத்தர்கிட்ட இருந்தும் வந்திருக்கலாம். எந்த வருசம் வந்துச்சுன்னு இந்த டெஸ்ட் சொல்லாது. மருமகன் டெஸ்ட் எடுத்து அவருக்கும் பாசிட்டிவ்னு வந்தா அது உங்க மக குடுத்ததுன்னு யாராவது சொல்லக் கிளம்புவாங்க, அதையும் இப்பவே சொல்லி வச்சிருங்க, அடங்கின கிருமி பொண்டாட்டிகிட்ட இருந்து புருசனுக்குப் போகாது, அவருக்கு இருந்தா அது அவரு தனியா வாங்கினது.

பேரனுக்குத் தட்டு டம்ளர் தனியா வைக்க வேண்டாம். மகளுக்கு நோயே இல்லங்கிறதால அந்தப் பேச்சுக்கே எடமில்ல. ஆனா இதை எழுதினதுக்குக் காரணம் எனக்குப் புரியுது, உங்க வீட்டுக்காரருக்கு அந்த நாள்ல தனித் தட்டு வச்சிருப்பீங்க, திண்ணையில படுக்க வச்சிருப்பீங்க, எல்லா வீட்டுலயும் அப்படித்தான் நடந்துச்சு. நெசமான நெஞ்சு டிபிக்கே தட்டும் டம்ளரும் துணியும் காரணம் இல்லக்கா, அது இருமல் வழியா காத்துல மட்டுந்தான் பரவும், அதுவும் சரியான மருந்தை ஆரம்பிச்சு சில வாரத்துல பரவுறது நின்னுரும். இதை உலகத்துக்குக் காட்டினதே நம்ம மெட்ராஸ்தான். 1956ல அங்க ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, டிபி நோயாளிகள்ல பாதிப் பேரை சானடோரியத்துல, அதாவது டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரில வச்சும், பாதிப் பேரை அவங்க வீட்டுலயே, அந்த நெருக்கடியான ஏழை வீடுகள்லயே வச்சும் ஒரே மருந்தைக் குடுத்துப் பாத்தாங்க. 1959ல முடிவு வெளிவந்துச்சு, வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு கொணமானாங்க, அவங்க வீட்டு ஆளுங்களுக்கும் அதனால கூடுதலா நோய் வரலைன்னு பின்னால தெரிஞ்சது. அதுக்கப்புறந்தான் உலகம் பூரா நோயாளியைப் பிரிச்சு மலைக்கும் காட்டுக்கும் அனுப்புற வழக்கம் படிப்படியா நின்னுச்சு. நம்ம ஊரு ஜனங்க காட்டின அத்தாட்சி அது, ஆனா நம்ம வீடுகள்ல இன்னும் தட்டு தனியாத்தான் இருக்கு.

பேரன் விசயத்துல ஒண்ணே ஒண்ணு செய்யணும். அவன் பொறந்தப்போ பிசிஜி போட்டிருப்பாங்க, இடது கை மேல தழும்பு இருக்கும், அந்தத் தடுப்பூசி அட்டையை அங்க டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, அட்டை உங்க வீட்டுல கெடந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. அவனுக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லி கையில ஊசி போட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வீக்கத்தை அளக்குற மாண்டூ டெஸ்ட் பண்ணினா, பிசிஜி போட்ட பிள்ளைங்களுக்கு அதுல சும்மாவே வீங்க வாய்ப்பு உண்டு. அப்படி வீங்கினா கலங்கிப் போகாம ரத்த டெஸ்ட்டும் பாக்க முடியுமான்னு உங்க மக கேக்கட்டும், ரத்த டெஸ்ட்டை பிசிஜி கொழப்பாது.

மாத்திரையை அவ சாப்பிடணும்க்கா. ஊருக்கு வரச் சொன்னதை வாபஸ் வாங்கிருங்க. நாட்டு மருந்து மேல எனக்குப் பகை ஒண்ணும் இல்ல, ஆனா அடங்கிக் கெடக்குற டிபி கிருமியை அழிக்கும்னு நிரூபிச்ச நாட்டு மருந்து எதுவும் கிடையாது, அதோட இந்த மாத்திரையைச் சாப்பிடுற மூணு மாசமும் ஈரலுக்கு ஒரு வேலை இருக்கு, அதுல நீங்க லேகியமும் சூரணமும் பார்சல் அனுப்பினா ரெண்டு பாரமா ஆயிரும், கண்ணு மஞ்சளானா எதால ஆச்சுன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. மூணு மாச மாத்திரைன்னா அது ரிஃபாம்பிசினும் ஐசோநயசிடும் சேந்தது, கூட ஒரு பி6 வைட்டமின் குடுப்பாங்க. வெறும் வயித்துல சாப்பிடணும். ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், கண்ணீர் வேர்வை கூட கலர் மாறும், அது மருந்தோட சாயம், ரத்தம் இல்ல, பயப்பட வேண்டாம். ஆனா சாப்பாடே வேண்டாம்னு குமட்டி வாந்தி வந்தா, ஒண்ணுக்கு கடும் டீ நிறத்துல போனா, கண்ணு மஞ்சளா தெரிஞ்சா மாத்திரையை அன்னைக்கே நிறுத்திட்டு கிளினிக்குக்கு போன் பண்ணணும். இன்னொண்ணு, சூரை மீனும் நாள்பட்ட சீஸும் இந்த மாத்திரையோட சிலருக்கு ஒத்துக்காது, மூஞ்சி செவந்து தலைவலியும் படபடப்புமா வரும், அதனால நீங்க ஆசையா அனுப்புற கருவாட்டுல சூரையை மட்டும் மூணு மாசத்துக்கு விட்டுருங்க.

அம்மாகிட்ட பேசக் கூச்சப்படுற ஒரு விசயம், நர்ஸா அவளுக்கே தெரிஞ்சிருக்கும், ஆனாலும் எழுதிடறேன். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுறவளா இருந்தா ரிஃபாம்பிசின் அதோட வேலையைக் கெடுத்துரும், அதனால அந்த மூணு மாசமும் முடிஞ்ச பெறவு ஒரு மாசமும் வேற வழி வச்சுக்கணும். இப்ப உண்டாயிருந்தா மாத்திரையை ஆரம்பிக்கிறதுக்கு முன்ன கண்டிப்பா சொல்லணும், பெரும்பாலும் பேறுகாலம் முடிஞ்ச பெறவு ஆரம்பிச்சுக்கலாம்னு சொல்லுவாங்க.

கடைசியா அப்பா விசயம். சொல்லணும்க்கா. நீங்க அன்னைக்கு மறைச்சது தப்புன்னு சொல்ல வரலை, எட்டாப்பு படிக்கிற பொம்பளைப் பிள்ளை, நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுல விழுந்தா என்ன ஆகும்னு நெனச்சிருக்கீங்க, அன்னைக்கு ஊரு அப்படி இருந்துச்சு, இன்னைக்கும் ரொம்ப மாறிரலை. ஆனா இப்ப அவ மாத்திரை சாப்பிடப் போறா. அங்க கிளினிக்ல டிபி நர்ஸ் அவகிட்ட கேக்குற முதல் கேள்விகள்ல ஒண்ணு "வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சா", அவ இல்லன்னு சொல்லிட்டு வந்திருப்பா, அவளுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லியிருக்கா. அந்தக் கேள்வியை யாரோட வீட்டுக் கதையையும் தெரிஞ்சுக்க கேக்கலை, மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் கேக்காங்க. அப்பாவுக்கு வந்த கிருமி சாதாரண மருந்துக்கு அடங்காத வகையா இருந்திருந்தா, அவகிட்ட இருக்கிறதும் அதே கிருமியா இருக்க வாய்ப்பு உண்டு, அப்ப இந்த ரெண்டு மாத்திரை போதாமப் போகலாம், வேற யோசிக்கணும். அப்பாவுக்கு முதல் தடவையிலேயே முழுசா கொணமாயிருந்தா, இதே மாத்திரையைத் தயங்காம குடுக்கலாம்.

அப்பாவோட சிகிச்சை அட்டை பீரோல, டிரங்குப் பெட்டில எங்கயாவது கெடக்கான்னு தேடிப் பாருங்க. அட்டை இல்லாட்டி ஞாபகத்துல இருந்து நாலு விசயம் போதும். 2009ல ஒவ்வொரு நோயாளிக்கும் பேரு போட்ட பெட்டியில மொத்த மாத்திரையும் வச்சிருப்பாங்க, அந்தப் பெட்டி செவப்பா நீலமா? செவப்புன்னா முதல் தடவை வைத்தியம், நீலம்னா முன்ன ஒரு தடவை சாப்பிட்டு விட்டு மறுபடி வந்தது. முதல் ரெண்டு மாசம் ஊசி போட்டாங்களா, அது நீலப் பெட்டிக்காரங்களுக்குத்தான் போட்டாங்க. மொத்தம் ஆறு மாசமா எட்டு மாசமா, கடைசி வரை சாப்பிட்டாரா இடையில விட்டாரா? கடைசியில சளி டெஸ்ட் எடுத்து கிருமி இல்லன்னு சொன்னாங்களா? இந்த நாலையும் இன்னைக்கு ராத்திரி அவ டூட்டி முடிஞ்சு வந்ததும் போன்ல சொல்லிருங்க, மருமகன் பக்கத்துல இருந்தாலும் பரவாயில்ல, இருந்தா நல்லது. ஞாபகம் வர்றதை மட்டும் சொல்லுங்க, வராததை இப்படித்தான் இருந்திருக்கும்னு சேத்துச் சொல்ல வேண்டாம், அவ அதை அப்படியே கிளினிக்ல சொல்லுவா.